விட்டு விட்டுப் பெய்த மழையும் இடைவிடாது பெய்த மழையும்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஐப்பசியில் இங்கே பெய்த மழையைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிவரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். ‘மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்தது’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது அவள் ‘கன்டினியுவஸ்லி’ என்ற சொல்லைப் போட்டாள். ஆசிரியை அதை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் ‘கன்டினியுவலி’ என்று திருத்தியிருக்கிறார். எங்கள் வீட்டு அகராதியில் இரண்டுக்குமே ‘தொடர்ந்து, ஓயாமல்’ என்றுதான் பொருள் இருக்கிறது. பொருள் ஒன்றென்றால் திருத்துவானேன்? வேறென்றால் அகராதி ஏன் பிரித்துச் சொல்லவில்லை? மகள் இரண்டு நாளாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். – ஒரு தாய், ஏற்காடு.

பதில்: எது சரி என்பதை இலக்கண நூல் தீர்த்துவைக்காது, அந்த மூன்று நாளும் ஏற்காட்டில் மழை எப்படிப் பெய்தது என்பதுதான் தீர்த்துவைக்கும். இன்று கவனத்தோடு எழுதப்படும் ஆங்கிலத்தில் ‘கன்டினியுவஸ்’ என்றால், தொடங்கிய நொடி முதல் முடியும் நொடி வரை நடுவில் இடைவெளியே இல்லாதது என்று பொருள். ‘கன்டினியுவல்’ என்றால், நடுவே நின்று நின்று, ஆனால் முற்றிலும் ஓய்ந்துவிடாமல், திரும்பத் திரும்ப வருவது என்று பொருள். தங்கள் மகள் எழுதியது ஒரு வகை மழையை. ஆசிரியை திருத்தியது வேறொரு வகை மழையை.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்து, ஏற்காட்டு ஐப்பசி மழையைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான நாள்களில் அது ஒரே மூச்சாகப் பெய்வதில்லை. மேகம் இறங்கி ஏரியை மூடும்; அரை மணி நேரம் கொட்டும்; பிறகு மூட்டம் விலகி, சில்வர் ஓக் மரங்களிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்கும்; காப்பிக்களத்தில் மூடிவைத்த படுதாவை விலக்கலாமா என்று ஆள்கள் யோசிக்கும்போதே அடுத்த மழை வந்துவிடும். மூன்று நாளும் இப்படியே கழிந்திருந்தால் ‘கன்டினியுவலி’ என்று திருத்திய ஆசிரியையின் பேனா சரியான இடத்தில்தான் பட்டிருக்கிறது. ஆனால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அருகில் வந்து நின்றுவிட்டால் மலையிலும் அடைமழை பிடிக்கும். இரவும் பகலும் ஓட்டின்மேல் ஒரே சீரான இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த மழை என்றால் தங்கள் மகள் எழுதியதே சரி. அவளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அந்த மூன்று நாளில் ஒரு தடவையாவது குடையில்லாமல் கடைக்குப் போய்வர முடிந்ததா? முடிந்தது என்றால் கன்டினியுவலி; முடியவில்லை என்றால் கன்டினியுவஸ்லி. ‘மழை விட்டும் தூவானம் விடவில்லை’ என்பார்களே, அப்படித் தூவானம் மட்டும் இருந்த நேரத்தையும் மழைக் கணக்கில் சேர்ப்பதா என்பது எழுதுகிறவருடைய முடிவு. சேர்த்தால் இடைவெளி இல்லை. சேர்க்காவிட்டால் இடைவெளி உண்டு.

குழப்பம் ஆங்கிலத்தில் தொடங்கவில்லை என்பது என் எண்ணம். நாம் தமிழில் ‘தொடர்ந்து’ என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போவதுதான் குழப்பத்தின் வேர். ‘தொடர்’ என்ற சொல்லுக்குள் இரண்டு பொருளும் இருக்கின்றன. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதை, ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்த அத்தியாயத்துக்கும் நடுவே ஏழு நாள் விட்டு வருகிறது; ஆனாலும் அது தொடர்கதைதான். அதே கதை புத்தகமாக வந்தபின் ஒருவர் இரவு முழுவதும் கண் விழித்து ‘தொடர்ந்து படித்தேன்’ என்கிறார். அங்கே இடைவெளி இல்லை. ஒரு சொல்லே இரண்டையும் சுமப்பதால், அந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலச் சொல்லைத் தேடுகிறவர் எதை எடுத்தாலும் சரியென்றே தோன்றும்.

தங்கள் மகளுக்கு நான் சொல்ல விரும்புவது, ‘தொடர்ந்து’ என்பதை விட்டுவிட்டு ‘விடு’ என்ற வினையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே. மழை நிற்பதை நாம் ‘மழை விட்டது’ என்றுதானே சொல்கிறோம்? அந்த ஒரு வினையிலிருந்தே தமிழ் இரண்டு தெளிவான தொடர்களைச் செய்து வைத்திருக்கிறது. ‘விட்டு விட்டு’ என்பது ஒன்று. ‘இடைவிடாமல்’ என்பது மற்றொன்று. முதலாவது அடுக்குத்தொடர், சொல்லே ஒரு முறை நின்று மறுபடி வருகிறது. அதுதான் கன்டினியுவல். இரண்டாவதில் ‘இடை’ என்ற சொல்லே, நடுவில் வெளி இல்லை என்று சாட்சி சொல்கிறது. அதுதான் கன்டினியுவஸ். ஆங்கிலத்தில் எழுத உட்காரும் முன் வாக்கியத்தைத் தமிழில் இந்த இரண்டில் ஒன்றைக்கொண்டு சொல்லிப் பார்த்தால், பத்துக்கு ஒன்பது இடங்களில் சரியான சொல் தானாக வந்துவிடும். ‘அடிக்கடி’ என்பதும் நல்ல துணை. அடிக்கு அடி என்பதே அந்தச் சொல். எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தே தீரும். எனவே அடிக்கடி நிகழ்வதைச் சொல்லக் கன்டினியுவல் போதும். ‘ஓயாமல்’, ‘விடாமல்’ ஆகிய இரண்டிடமும் மட்டும் எச்சரிக்கை தேவை. ‘விடாமல் மழை பெய்தது’ என்றால் இடைவெளி இல்லை. ‘விடாமல் போன் செய்தான்’ என்றால் வைத்து வைத்து மறுபடி செய்தான் என்று பொருள். தங்கள் வீட்டு அகராதியில் ‘ஓயாமல்’ என்று இருப்பதும் இதனால் உதவாமல் போகிறது.

இன்னொரு தவறான எண்ணமும் பலரிடம் இருக்கிறது. கன்டினியுவஸ் என்றால் நெடுநேரம் நீடிப்பது என்று நினைக்கிறார்கள். ஆங்கில வழக்கைப் பற்றி 1926இல் வெளிவந்து இன்றுவரை எடுத்தாளப்படும் தம் நூலில் எச். டபிள்யூ. ஃபௌலர் இதைத்தான் குறிப்பாகத் தெளிவுபடுத்தினார்: கன்டினியுவஸ் என்பது தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் அறுபடாதது, அந்த முடிவு வெகுதூரத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை, கன்டினியுவல் என்பதோ முடிவில்லாமல் நடப்பது அல்லது சிறு இடைவெளி விட்டு மறுபடி மறுபடி வருவது, அதற்கு முடிவு உண்டென்ற எண்ணமே இருக்காது. எனவே பத்து நிமிடம் ஒரே வீச்சாகப் பெய்து நின்ற மழையும் கன்டினியுவஸ்தான். முப்பது ஆண்டுகளாக ஆண்டுதோறும் வீட்டுக் கூரையில் ஏற்படும் ஒழுக்கு கன்டினியுவல். நேரத்தின் நீளத்தை அளக்க வேண்டியதில்லை. நடுவில் வெட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஓரிடத்தில் மட்டும் தேர்வுக்கே வேலையில்லை. இடத்தில் நீண்டு கிடக்கும் பொருளுக்குக் கன்டினியுவஸ் மட்டுமே பொருந்தும். கன்டினியுவல் காலத்துக்கு மட்டும் உரியது. ஏற்காட்டு மலைப்பாதையின் நடுவே முந்திச் செல்லக் கூடாது என்பதற்காக அறுபடாமல் போடப்பட்டிருக்கும் கோடு கன்டினியுவஸ் கோடு. விட்டு விட்டுப் போடப்பட்ட கோட்டைக் கன்டினியுவல் கோடு என்று எவரும் சொல்வதில்லை; அதற்கு ‘ப்ரோக்கன்’ என்று வேறு சொல் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசுக்காக இழுக்கும் வெள்ளிக் கம்பி, அறுந்துபோகாதவரை கன்டினியுவஸ். அந்தக் கொலுசைப் போட்டுக்கொண்டு ஒரு குழந்தை வீட்டுக்குள் நடக்கும்போது எழும் சலங்கை ஒலி கன்டினியுவல்.

அகராதி ஏன் பிரித்துச் சொல்லவில்லை என்ற தங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு விடை இந்தச் சொற்களின் வயதில் இருக்கிறது. ‘ஒன்றாகச் சேர்த்துப் பிடித்திருப்பது’ என்று பொருள்படும் லத்தீன் வினையே இரண்டுக்கும் தாய். அவற்றில் கன்டினியுவல் 14ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. கன்டினியுவஸ் 17ஆம் நூற்றாண்டில்தான் லத்தீனிலிருந்து நேராக எடுக்கப்பட்டது. ஆக, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் மூத்த சொல் தனியாகவே இரண்டு வேலையையும் பார்த்திருக்கிறது. இடைவிடாததையும் அதுவே குறித்தது. விட்டு விட்டு வருவதையும் அதுவே குறித்தது. இளைய சொல் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாகப்பிரிவினை நடந்தது. பழைய பொருள் முற்றிலும் மறைந்துவிடாததால், அகராதி எழுதுகிறவர்கள் அதையும் பதிவு செய்தாக வேண்டும். சிறிய அகராதிகள் இடத்தைச் சிக்கனப்படுத்தி, இரண்டுக்கும் ஒரே பொருளைப் போட்டுவிடுகின்றன. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாணவர் கையில் இருக்கும் அகராதியில் ஒரு வரி கூடுதலாக இருந்தால் நன்றாயிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இளைய சொல் புழக்கத்துக்கு வருமுன், 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் இரண்டு இடங்களைப் பார்க்கலாம். காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஓர் ஆட்டுக்குட்டி என்று நாள்தோறும் செலுத்த வேண்டிய பலி அங்கே கன்டினியுவல் என்ற அடைமொழியோடு வருகிறது. தமிழில் அதை ‘நித்திய’ என்று பெயர்த்திருக்கிறார்கள். நாளுக்கு இரு முறை, ஆனால் என்றைக்கும் நிற்காது. நீதிமொழிகளில் மழைநாளில் கூரையிலிருந்து சொட்டும் நீரும் கன்டினியுவல்தான். தமிழ் வேதாகமம் அதை ‘அடைமழை நாளில் ஓயாத ஒழுக்கு’ என்கிறது. இந்த ஒரு தொடருக்குள் இரண்டு சொற்களுக்கும் இடமிருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வியப்பாக இருக்கிறது. வெளியே பெய்யும் அடைமழை கன்டினியுவஸ். அந்த மழையால் வீட்டுக்குள் பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக விழும் ஒழுக்கு கன்டினியுவல். ஓட்டு வீட்டில் வளர்ந்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இந்த வேறுபாடு பள்ளி மதிப்பெண்ணோடு முடிந்துவிடுவதில்லை என்பதை நான் அனுபவத்தில் அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், அம்மாப்பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்காக, தறியை விற்ற நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு புகார்க் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஊடை நூல் அறுந்து, தறி மணிக்கு நாலைந்து முறை நின்றுவிடுகிறது என்பது அவருடைய குறை. ‘தறி தொடர்ந்து நின்னுக்கிட்டே இருக்குங்க’ என்று அவர் சொன்னார். நான் அதை அப்படியே வாங்கி, ‘கன்டினியுவஸ் ஸ்டாப்பேஜ்’ என்று எழுதிவிட்டேன். எந்தத் தேதியிலிருந்து தறி ஓடாமல் கிடக்கிறது, அதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்டு நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. அவர்கள் படித்தது சரியே: இடைவிடாத நிற்றல் என்றால் ஓடவே இல்லை என்றுதான் பொருள். விளக்கம் எழுதி, மறுவிளக்கம் எழுதி, பழுது பார்க்கும் ஆள் வந்து சேர ஒரு மாதம் ஆகிவிட்டது. அந்த ஒரு மாதத்தில் அறுந்த நூலும் குறைந்த கூலியும் நண்பருடையவை, பிழை என்னுடையது. அதன் பிறகு இந்த இரண்டு சொற்களில் ஒன்றை எழுதும் ஒவ்வொரு முறையும் ‘விட்டு விட்டா, இடைவிடாமலா’ என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

கட்டுரையில் வந்த ‘மூன்று நாள் தொடர்ந்து’ என்பதற்கு மூன்றாவது வழியும் இருக்கிறது. மழை எவ்வளவு நேரம் பெய்தது என்பதைச் சொல்லாமல், திங்கள், செவ்வாய், புதன் என்று ஒரு நாளும் தவறாமல் பெய்தது என்று மட்டும் சொல்ல விரும்பினால் ‘கான்செக்யுட்டிவ்’ என்ற சொல் வேண்டும். ‘தொடர்ந்து மூன்றாவது நாளாக மழை’ என்று நம் நாளிதழ்கள் எழுதுவது இதைத்தான். அடுத்தடுத்து வரும் நாள்களை எண்ணும் சொல் அது. நாளுக்கு ஒரு மணி நேரம் பெய்திருந்தாலும் பொருந்தும். தங்கள் மகள் எழுத நினைத்தது இதுவாகவும் இருக்கலாம். ஆசிரியையிடம் அவளை நேரில் போய், மழை எப்படிப் பெய்தது என்று சொல்லி, எந்தச் சொல் பொருந்தும் என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தத் திருத்தத்தை இட்டவர் வேறுபாட்டை அறிந்தவர். அப்படிக் கேட்கும் மாணவியை அவர் நிச்சயம் வரவேற்பார்.

கேள்வி: ‘பிரசன்ட் கன்டினியுவஸ்’ என்று ஒரு காலத்தைப் படிக்கிறோம். அந்தக் காலத்தில் வாக்கியம் எழுதும்போது கன்டினியுவஸ்லி என்றுதானே போட வேண்டும்? – கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி.

பதில்: இல்லை. அந்தப் பெயர், வினை நடந்துகொண்டிருக்கும் நிலையை இலக்கணம் எப்படிக் காட்டுகிறது என்பதைக் குறிக்கிறதே தவிர, அந்தச் செயல் இடைவெளியின்றி நடக்கிறது என்று உறுதி கூறவில்லை. ‘நான் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்பவர், சொல்லும் நேரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாம். இரவில் தூங்கியும் இருப்பார். ஆங்கிலத்திலும் அது பிரசன்ட் கன்டினியுவஸ்தான். பல இலக்கண ஆசிரியர்கள் அந்தக் காலத்தை ‘புரோகிரசிவ்’ என்றும் அழைக்கிறார்கள். இன்னும் ஒன்றைக் கவனியுங்கள்: ஒருவர் எப்போது பார்த்தாலும் சாவியைத் தொலைக்கிறார், எப்போது பார்த்தாலும் கடன் கேட்கிறார் என்று சலித்துக்கொள்ளும்போது ஆங்கிலத்தில் இதே காலத்தில்தான் வாக்கியம் அமைகிறது, அங்கே பொருந்தும் சொல் கன்டினியுவலி. சலிப்போடு சொல்லும் வாக்கியங்களில் அந்தச் சொல்லை நீங்கள் மிகுதியாகப் பார்ப்பீர்கள்.

கேள்வி: சேலம் புறநகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் நுழைவாயிலில் தரக் கொள்கையைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ‘கன்டினியுவல் இம்ப்ரூவ்மென்ட்’ என்று இருக்கிறது. எல்லா இடத்திலும் ‘கன்டினியுவஸ் இம்ப்ரூவ்மென்ட்’ என்றுதான் கேட்டிருக்கிறோம், இது எழுதியவரின் பிழை, மாற்ற வேண்டும் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். மாற்றலாமா? – ஒரு வாசகர், சேலம்.

பதில்: மாற்றாதீர்கள். அந்தப் பலகையை எழுதியவர், தரநிலை ஆவணத்தைப் படித்துவிட்டே எழுதியிருக்கிறார். தர மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 9001இல் இருக்கும் சொல் கன்டினியுவல்தான். தற்செயலாக விழுந்த சொல்லும் அல்ல அது. சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 14001 தரநிலையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு, தன் இணைப்பில் இந்த இரண்டு சொற்களின் வேறுபாட்டை வெளிப்படையாகவே விளக்குகிறது: கன்டினியுவல் என்பது ஒரு கால அளவில் இடையிடையே நிறுத்தங்களோடு நடப்பது, கன்டினியுவஸ் என்பது நிறுத்தமின்றி நடப்பது, மேம்பாட்டுக்குப் பொருந்துவது முன்னதே என்று அது சொல்கிறது.

ஏன் அப்படி என்பதற்கு விடை உங்கள் வேலையிலேயே இருக்கிறது. ஒரு குறையைக் கண்டுபிடிக்கிறீர்கள், காரணத்தைத் தேடுகிறீர்கள், செய்முறையை மாற்றுகிறீர்கள், மாற்றம் நிலைத்ததா என்று சில மாதம் பார்க்கிறீர்கள், பிறகு அடுத்த குறைக்குப் போகிறீர்கள். படிக்கட்டு ஏறுவது போல ஒரு படியில் நின்று, அடுத்த படிக்குக் காலெடுக்கும் வேலை அது. நொடிக்கு நொடி, இடைவெளியே இல்லாமல் எந்தத் தொழிற்சாலையும் மேம்பட்டுக்கொண்டிருக்க முடியாது. அப்படி ஒரு வாக்குறுதியைப் பலகையில் எழுதினால் தணிக்கைக்கு வருகிறவர் கேள்வி கேட்க இடமுண்டு. ‘கன்டினியுவஸ் இம்ப்ரூவ்மென்ட்’ என்ற தொடர், ஜப்பானியத் தொழிற்சாலைகளின் கைசென் முறையை விளக்கும் எழுத்துகள் வழியாகப் பரவி இன்று பெருவழக்காகிவிட்டது. அதை எழுதுகிறவர்களைப் பிழை செய்கிறார்கள் என்று சொல்வதற்கில்லை. தரநிலையின்படி சான்று பெற்ற நிறுவனம் தரநிலையின் சொல்லையே வைத்துக்கொள்வதுதான் முறை.

அதே தொழிற்சாலை உலகில் கன்டினியுவஸ் மட்டுமே பொருந்தும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால், நம் ஊர்க்காரர்கள் இரும்பாலை என்று அழைக்கும் சேலம் உருக்காலையை நினைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடிக்காத எஃகைத் தயாரிக்கும்போது, உருகிய உலோகத்தைத் தனித்தனி அச்சுகளில் ஊற்றி ஆறவைத்துக் கட்டிகளாக எடுப்பது பழைய முறை. தொடர்வார்ப்பு முறையில், உருகிய எஃகு ஒரு தொட்டி வழியாக, நீரால் குளிர்விக்கப்படும் செப்பு அச்சுக்குள் அறுபடாமல் இறங்குகிறது. மேலே திரவமாக நுழைந்தது கீழே மேலோடு இறுகிய பாளமாக வந்துகொண்டே இருக்கிறது. வெளியே வந்த பிறகுதான் வேண்டிய நீளத்துக்கு வெட்டுகிறார்கள். நடுவில் ஓட்டம் நின்றால் வார்ப்பே கெட்டுவிடும். ஆகவே அது ‘கன்டினியுவஸ் காஸ்டிங்’. அச்சு அச்சாக ஊற்றிய பழைய முறைக்கு அந்தப் பெயரை வைத்திருக்க முடியாது.

விதிக்குப் பொருந்தாததுபோல் தோன்றும் வழக்கு ஒன்றும் உண்டு. உங்களோடு வேலை பார்ப்பவர் அதை எடுத்துக்காட்டக் கூடும் என்பதால் சொல்லிவைக்கிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மாணவர் மதிப்பீட்டைக் குறிக்கக் கன்டினியுவஸ் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது. தமிழில் ‘தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு’ என்கிறோம். தேர்வுகள் இடைவெளி விட்டுத்தானே நடக்கின்றன என்று கேட்கலாம். ஆண்டின் இறுதியில் ஒரே ஒரு தேர்வை வைத்து முடிவு செய்யாமல், வகுப்பறையில் குழந்தை கற்கும் நேரம் முழுவதையும் மதிப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் நோக்கம். அந்த நோக்கத்தை வைத்துப் பார்த்தால் சொல் பொருந்தவே செய்கிறது.

கேள்வி: ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது விலகியிருக்கிறேன். பணிச் சான்றிதழில் ‘கன்டினியுவல் சர்வீஸ்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதற்கு, ‘நடுவில் நீங்கள் உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் விடுப்பில் இருந்தீர்கள், ஆலையும் சில முறை மூடியிருந்தது, எனவே இடைவெளி இருக்கிறது, இதுதான் சரியான ஆங்கிலம்’ என்கிறார் அலுவலகத்தில் இருப்பவர். இதனால் எனக்கு ஏதும் பாதிப்பு உண்டா? – ஒரு வாசகர், சேலம் மாவட்டம்.

பதில்: ஆங்கில அகராதியை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொல்வதில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் இது சட்டத்தின் சொல். சட்டம் அதற்குத் தன் பொருளைத் தானே வரையறுத்துவிட்டது. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், கிராஜுவிட்டி பெறுவதற்கு ஐந்து ஆண்டுக்குக் குறையாத ‘கன்டினியுவஸ் சர்வீஸ்’ வேண்டும் என்று சொன்னது. அது எது என்று விளக்கும்போது, நோய், விபத்து, விடுப்பு, வேலை கொடுக்க முடியாமல் நிறுவனம் தரும் தற்காலிக ஓய்வு (லே-ஆஃப்), தொழிலாளியின் குற்றமில்லாமல் வேலை நின்றுபோனது போன்ற காரணங்களால் ஏற்பட்ட இடைவெளிகளையும் உள்ளே சேர்த்தே, அந்தப் பணி இடைவிடாத பணி என்று வகுத்தது. ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் நடக்கும் பருவகால நிறுவனம் என்றால், அது இயங்கிய நாள்களில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் வேலை செய்தவரும் இடைவிடாமல் பணி செய்தவராகவே கருதப்படுவார் என்றும் அதில் இருக்கிறது. பழைய சட்டத்தின் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இதே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறது. எனவே நீங்கள் நோய்விடுப்பில் இருந்த ஒரு மாதமும், உங்கள் தவறில்லாமல் ஆலை மூடியிருந்த நாள்களும் சட்டத்தின் கண்ணில் வெட்டு ஆகாது.

ஒரு சொல்லினால் உரிமை போய்விடாது. வருகைப் பதிவேடும் ஊதியப் பதிவேடும்தான் உண்மையான சான்று. ஆனாலும் சான்றிதழைப் படிக்கிற அதிகாரி ஒருவர், ‘இடையிடையே நின்ற பணி’ என்று அதற்குப் பொருள் கொண்டு, கேள்வி கேட்டுக் கோப்பை ஓரமாக வைத்துவிட வாய்ப்பு இருக்கிறது. பதினோரு ஆண்டு உழைத்தவரை அந்த அலைச்சலுக்கு ஆளாக்குவது நியாயமில்லை. சான்றிதழைத் திருப்பிக் கொடுத்து, பணியில் சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் குறித்து, இந்த இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட காலம் முழுவதும் ‘கன்டினியுவஸ் சர்வீஸ்’ என்று ஒரே வாக்கியமாக எழுதித் தரும்படி எழுத்துமூலம் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். அதில் ‘இடைவிடாத பணி’ என்று எழுதினால் போதும்.